பழத்துக்குப் புள்ளி இல்லை

வியாழக்கிழமை மாலை, இங்கிலாந்தின் பர்ன்லி ஊர்த் தேவாலயக் கூடத்தில் எடை பார்க்கும் வரிசையில் ஹில்டா முதலில் கோட்டைக் கழற்றுவாள், பிறகு காலணியை, கடைசியில் கம்மலை. எல்லாப் பெண்களும் அப்படித்தான். கம்மலில் என்ன எடை குறையும் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

மற்றவர்கள் மகள் கல்யாணத்துக்காகவும் ஸ்பெயின் கடற்கரைக்காகவும் இளைத்தார்கள். யாராவது பரிதாபப்பட்டுத் தொலைப்பார்கள் என்று ஹில்டாவும் ஸ்பெயின் என்றே சொல்லிவைத்திருந்தாள். உண்மை வேறு. கணவன் நார்மனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. அவளுடையது பொருந்தும், ஆனால் தொண்ணூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் எடுப்போம் என்றுவிட்டார் டாக்டர்.

ஷெரில் நடத்தும் அந்த எடைக் குறைப்புச் சங்கத்தில் ஒவ்வொரு உணவுக்கும் புள்ளி உண்டு, நாளுக்கு இத்தனை புள்ளிதான் என்று கணக்கு. பழத்துக்கும் முட்டைக்கும் புள்ளி கிடையாது, எவ்வளவும் தின்னலாம். நார்மனுக்குக் கலோரிதான் கணக்கு.

"இது மூணாவது வாழப்பழம் ஹில்டா. ஒண்ணு நூறு கலோரி."

"பழத்துக்குப் புள்ளியே இல்ல. ஷெரில் சொல்லியிருக்கா."

"ஷெரில் சொன்னது உன் இடுப்புக்குத் தெரியுமா?"

"உன்னால திங்க முடியலன்னு வயித்தெரிச்சல்."

நார்மன் சிரித்துவிட்டார். டயாலிசிஸ்காரருக்கு வாழைப்பழம் ஆகாது.

"தராசு வச்சு நிறுத்துத் தின்னு பாரேன்."

"ரொட்டிய நிறுத்துத் திங்கற பொழப்பு எனக்கு வேணாம்."

புள்ளிக் கணக்கைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கூடத்தில் பாதிப் பேர் அதில்தான் இளைத்தார்கள். ஹில்டாவுக்கும் ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கியது. ஆனால் அது ஒரு பழத்தோடு எழுந்துவிடுகிறவளுக்குப் போட்ட கணக்கு. ஹில்டா பயத்தில் தின்றாள். நார்மனை மெஷினில் படுக்கவைத்துவிட்டு வரும் நாட்களில் சீப்பே காலியாகும்.

ஆஸ்பத்திரித் தராசு தொண்ணூறுக்கு மேல் இரண்டு கிலோ காட்டியது. மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். காரில் அவள் அழுதாள்.

"விடு கண்ணு," என்றார் நார்மன். "நாளையிலேர்ந்து நான் எண்ணறேன், நீ சாப்பிடு."

அவர் நிறுத்து வைத்ததை மட்டும் அவள் தின்றாள். பசித்தது, எரிச்சல் வந்தது, எடையும் இறங்கத் தொடங்கியது. அதற்குள் டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி புகுந்து நார்மனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் தாங்கவில்லை.

அடக்கம் முடிந்து பல வாரங்கள் ஹில்டா எதையும் எண்ணவில்லை, எதையும் சமைக்கவுமில்லை. ஒரு வியாழக்கிழமை வீட்டில் இருக்கமுடியாமல் கூடத்துக்குப் போனாள். கோட்டோடும் கம்மலோடும் தராசில் ஏறினாள்.

"எம்பத்தஞ்சு!" ஷெரில் கத்தினாள். "எல்லாரும் கை தட்டுங்க! ஸ்பெயினுக்கு எப்ப கெளம்பற? எப்படிச் சாதிச்சேன்னு எந்திரிச்சுச் சொல்லும்மா."

இலக்கைத் தொட்டவள் எழுந்து ரகசியத்தைச் சொல்வது அங்கே வழக்கம். ஹில்டா எழுந்தாள்.

"வாழப்பழத்த விட்டுட்டேன்."

"அடிப் பைத்தியமே, பழத்துக்குத்தான் புள்ளியே இல்லையே!" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. கூடமே சிரித்தது. ஹில்டாவுக்கு அத்தனை பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது, முதலில் தன்னை.