பெண் வீட்டுப் பக்கம் வந்த டால்பின்கள்

மகாவின் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுப் பக்கமாக ஏழு டால்பின்கள் வந்திருந்தன. அந்த வாரம் பெங்களூரில் பீன்ஸ் கிலோ நூற்றிருபதைத் தொட்டுவிட்டதால் பந்தியில் பீன்ஸ் பொரியலுக்குப் பதிலாகக் கோஸ் போட்டார்கள். போய்வந்தவர்களை இன்றைக்குக் கேட்டாலும் கோஸைப் பற்றித்தான் முதலில் குறை சொல்வார்கள். டால்பின்களைப் பற்றி யாருக்கும் குறையில்லை. முறையாக வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள், வந்தன, அவ்வளவுதான். கூப்பிட்டவள் மகாவின் அம்மா சந்திரம்மா. ஈஜிபுராவில் கல்யாணமான நாளிலிருந்து ஒரே வாடகை வீட்டில் இருப்பவள். கோரமங்கலாவில் ஒரு பி.ஜி.யில் சமைப்பவள், அவளுக்குக் கோபம் வந்த நாளில் சாம்பாரில் உப்பு ஏறும் என்பது அங்கே தங்கியிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். டால்பின்களைக் கூப்பிட்டதும் ஒரு கோபத்தில்தான். அந்தக் கோபத்துக்குக் காரணம் அவளுடைய அண்ணன் முனிராஜ்.

முனிராஜ் ஒரு காலத்தில் ஈஜிபுராவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். அப்பா அம்மா போன பிறகு தங்கையை லாரியின் முன் சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர். பீன்யாவில் லேத் ஓட்டும் ஜெயராமனைத் தேடிப் பிடித்து அவளைக் கட்டிக்கொடுத்தவர். மகா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரால் ஊரை விட்டுப் போனார். மகா வயதுக்கு வந்தபோது மஞ்சள் நீராட்டுக்குத் தெருமுனையில் பேனர் கட்டினார்கள். அதில் தாய்மாமன் படம்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஊரறிந்த வழக்கம். முனிராஜ் கொடுத்திருந்தது ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். பேனர் கடைக்காரன் ஏரியா தலைவரை ஆளுயரத்துக்குப் போட்டுவிட்டு, முனிராஜை மட்டும் கொடுத்த சைஸிலேயே, ஷாமியானாக்காரரின் ஃபோன் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். முனிராஜ் அதைக் கிட்டப்போய்ப் பார்த்தார், எட்டப்போய்ப் பார்த்தார், எட்டப்போனபோது தன்னைக் காணவே காணாததால் தங்கையிடம் வந்து கேட்டார். அடுப்பில் பாயசம் பொங்கிக்கொண்டிருந்த அவசரத்தில் சந்திரம்மா, "படத்துல இன்னாண்ணா இருக்குது, போய் தண்ணி லோடு பாரு" என்று சொல்லிவிட்டாள். முனிராஜ் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். லாரியைக் கிளப்பி மேற்கே ஓட்டினார். கோகர்ணா பக்கத்தில் கடல் வந்து சாலை முடிந்தபோதுதான் பிரேக் போட்டார். இனி தண்ணீர் தீராது என்று தெரிந்துகொண்டு, லாரியை விற்று ஒரு படகு வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு டால்பின் காட்டிப் பிழைக்கலானார். ஒன்பது வருஷம் ஒரு போன் இல்லை. சந்திரம்மா போட்டாலும் எடுக்கவில்லை. அங்கே சுற்றுலா போய்வந்த பி.ஜி. பிள்ளைகள் சொல்லித்தான் அவர் இருக்கும் இடமே அவளுக்குத் தெரியும்.

மகாவுக்கு அடுகோடியில் ஏ.சி. மெக்கானிக் தினேஷ் அமைந்தான். பையன் தங்கம். அவன் அம்மா அம்புஜம் எதையும் தலையை எண்ணிப் பார்ப்பவள். நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டுப் பக்கம் எண்ணியபோது இரண்டு பெஞ்சுகூட நிரம்பவில்லை. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "ஆளு கம்மியா இருந்தா பரவால்ல சம்பந்தியம்மா. ஆனா எங்க வழக்கத்துல தாய்மாமன் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டாம தாலி ஏறாது. அவரக் கூட்டினு வந்துடுங்க. இல்லன்னா தேதிய யோசிக்கணும்" என்றாள். யோசிக்கணும் என்றால் என்ன அர்த்தம் என்று சந்திரம்மாவுக்குத் தெரியாதா? மகா அன்றிரவு சாப்பிடவில்லை. சடங்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அண்ணன் இல்லாமல் மகள் மணையில் உட்காருவதைச் சந்திரம்மாவால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அண்ணனை நினைத்து அவள் இத்தனை வருஷமும் அழுதுகொண்டுதான் இருந்தாள். தினமும் மூட்டை வெங்காயம் நறுக்குகிற வேலை என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆக, தட்டு நிறைய வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் தடவிய பத்திரிகைகள் என்று எடுத்துக்கொண்டு அவளும் ஜெயராமனும் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய் இறங்கினார்கள். முனிராஜ் கறுத்து, மெலிந்து, கண்ணாடி போட்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "டிக்கெட் தகொள்ளி மேடம்" என்றார். சொந்தத் தங்கையிடம் கன்னடம். அதிலும் மரியாதைக் கன்னடம், அதற்கு மேல் மேடம் வேறு. சந்திரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு டிக்கெட் எடுத்தாள். "லைஃப் ஜாக்கெட் ஹாக்கொள்ளி மேடம்" என்றார். பட்டுப்புடவைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் அதையும் மாட்டிக்கொண்டாள். பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த ஒரு கும்பலும் ஏறியது. படகு ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஜெயராமன் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்திடம் போய்விட்டான்.

கரை சின்னதானதும் சந்திரம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், தட்டை நீட்டினாள். பத்திரிகையை ஒரு கையால் வாங்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்; முனிராஜுக்கும் தெரியும். அவர் இரண்டு கையாலும் மோட்டார் பிடியை இறுக்கிக்கொண்டு, "கை பிடோக்காகல்ல மேடம்" என்றார். கையை விட முடியாதாம். அதே மனிதர் சற்றுமுன்தான் ஒரு கையால் பீடி பற்றவைத்திருந்தார். அவள் நின்றாள். அவர் அடிவானத்தைப் பார்த்தார். மகாவின் முகம் ஞாபகம் வந்தது. அப்போது படகுக்குப் பக்கத்தில் தண்ணீர் பிளந்து, சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு ஒரு கூட்டமே. கம்பெனி கும்பல் செல்போனைத் தூக்கியது. சந்திரம்மா அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கடலைப் பார்த்து நின்று, கல்யாணத்துக்கு அழைக்கிற குரலில், ஒரு சொல் குறையாமல் சொன்னாள். "என் பொண்ணு மகாவுக்குக் கல்யாணம். அடுகோடியில மண்டபம். மொத நாள் சாயந்தரம் ரிசப்ஷன், மறுநாள் காலையில முகூர்த்தம். எனக்குன்னு கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. நீங்கதான் குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்." சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகையைத் தண்ணீரில் விட்டாள். அந்தக் கூட்டத்தில் பெரியது, துடுப்பில் பழைய வெட்டுக்காயம் உள்ளது, கை இல்லாததால் அதை மூக்கால் ஏந்தி வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. முனிராஜ் பீடியைக் கடலில் எறிந்தார். திரும்பும் வழியில் அவர் கன்னடத்திலும் பேசவில்லை.

மனிதர்களைக் கூப்பிட்டால் பார்க்கலாம் என்பார்கள், வேலை இருக்கிறது என்பார்கள், வீட்டுக்கு ஒருவராக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். டால்பின்களுக்கு அந்த நாகரிகமெல்லாம் பழக்கமில்லை. ரிசப்ஷன் அன்று மத்தியானம் பீன்யாவிலிருந்து ஜெயராமனின் கூட்டாளி போன் செய்து, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஏழு பேர் வந்திருக்கிறார்கள், மூக்கில் பத்திரிகை வைத்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்பிவிடட்டும் என்று கேட்டான். சாலைக்கு மேலே ஆட்டோ கூரை உயரத்தில் நீந்தி வந்தார்களாம். அவர்கள் போன பாதையில் மட்டும் உப்புத்தண்ணீர் சொட்டி, காய்ந்து, வெள்ளையாகப் பூத்தது. ஈஜிபுராவில் சில வீடுகளில் அந்த வருஷத்து மாங்காய் ஊறுகாய்க்கு அதைத்தான் சுரண்டிப் போட்டார்கள். எல்லாச் சிக்னலிலும் சிவப்பு விழுந்ததும் நின்றதால் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நெரிசலில் சிக்கி மண்டபத்துக்கு வர இருட்டிவிட்டது. ஏன் தாமதம் என்று பெங்களூரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

வாசலில் நின்ற தினேஷ், அவர்கள் தலையில் பன்னீர் தெளித்து உள்ளே அனுப்பினான். அம்புஜம் எண்ணிப் பார்த்தாள். "ஏழு பேருதானா?" என்று கேட்டாள். பிறகு, முன்வரிசையில் நாற்காலிகளை எடுத்துவிட்டு அந்தரத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொன்னாள். சந்திரம்மா கடைசி ஆளுக்குப் பின்னாலும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் வரவில்லை. "இதுல மாமன் யாரு?" என்று அம்புஜம் கேட்டபோது வாசலை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு வெட்டுக்காயத் துடுப்புக்காரரைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். அம்புஜத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பந்தியில் அவருக்கு அப்பளம் இரண்டாக வைக்கச் சொன்னாள்.

அங்கே கோகர்ணாவில் முனிராஜுக்குப் பிழைப்பு கெட்டிருந்தது. படகில் ஆளை ஏற்றிக்கொண்டு போனால் கடலில் ஒரு வால்கூட இல்லை. வந்தவர்கள் சண்டைக்கு நின்றார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், அதுங்க பெங்களூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கு, உனக்குச் சொல்லலையா என்று கேட்டார். முனிராஜுக்கு ரத்தம் கொதித்தது. டால்பின்களை அதட்டிக் கூட்டிக்கொண்டு வருவதற்காக மட்டும், வேறு எதற்காகவும் இல்லை என்று கரையில் இருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டு, சாலையில் பூத்திருந்த உப்பைப் பார்த்துப் பார்த்தே வந்தார். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் சமையல்கட்டு வழியாக மண்டபத்துக்குள் நுழைந்தார். மேடையில் ஐயர், "பொண்ணோட மாமா வாங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரிய டால்பின் தங்கப் பட்டத்தைப் பதமாக வாயில் கவ்விக்கொண்டு மணைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மகா நெற்றியைக் காட்டி, கண்ணை மூடியிருந்தாள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். முனிராஜ் தானும் ஆடினார். உப்பு ஊறிய கால்சட்டையோடு பந்தி இலைகளை மிதித்துக்கொண்டு ஓடினார். "டேய், எறக்குடா அத. மாமன் நான் உசுரோடகீறேன்" என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தமிழ். டால்பின் உடனே பட்டத்தை நீட்டியது. உரியவர் வரும்வரை கொஞ்சநேரம் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வாங்கியதுபோல இருந்தது அது நீட்டிய விதம். முனிராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. கல்யாண ஆல்பத்தில் இன்றும் கோணலாகவே இருக்கிறது. கண்ணில் உப்புத்தண்ணீர் பட்டுவிட்டது என்றார். யாரும் மறுக்கவில்லை, மண்டபம் முழுக்க உப்புத்தண்ணீர்தான் சொட்டிக்கொண்டிருந்தது. தாலி ஏறியது. சந்திரம்மா வெங்காயம் இல்லாமலே அழுதாள்.

"சாப்ட்டுட்டு போண்ணா" என்றாள். "சாப்பாடு கெடக்கட்டும், பேனர் கட்டுனியா? என் படம் எங்க?" என்றார். அவள் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனாள். சமையல்கட்டு வழியாக வந்தவர் அதைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் முகப்பை மறைத்துக்கொண்டு ஒரே ஒரு முகம். அதே பாஸ்போர்ட் படத்தை, வருகிறாரோ இல்லையோ என்று, படகு ஏறப் போவதற்கு முன்பே பெரிதாக்கி அடிக்கச் சொல்லியிருந்தாள். பெரிதாக்கியதில் புள்ளி புள்ளியாகப் போய், யாரோ கட்சித் தலைவர் என்று நினைத்து ஆட்டோக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முனிராஜ் எட்டப் போய்ப் பார்த்தார், இன்னும் எட்டப் போய்ப் பார்த்தார், எவ்வளவு தூரம் போனாலும் தெரிந்தது. "மூக்கு மட்டும் ரெண்டடி வருதே" என்றார். "உன் மூக்கு மேல வர்ற கோவத்துக்கு அது பத்தாதுண்ணா" என்றாள் சந்திரம்மா. அதன்பிறகுதான் இலையில் உட்கார்ந்தார். கோஸைக் குறை சொன்னார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று டால்பின்களுக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் முனிராஜ் முன்னே பஸ்ஸிலும் அவர்கள் பின்னே சாலைக்கு மேலேயுமாகப் புறப்பட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு சந்திரம்மா வீட்டில் எந்த விசேஷமானாலும் தட்டு கடற்கரைக்குப் போகிறது. எட்டுப் பேரும் வருகிறார்கள். அந்த நாட்களில் டால்பின் பார்க்கப் போகிறவர்களிடம் கரையிலேயே, அவங்க ஊர்ல இல்ல, விசேஷத்துக்குப் போயிருக்காங்க என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

மகாவின் வளைகாப்புக்குக் கட்டிய பேனரில் முனிராஜோடு அந்த ஏழு பேரின் படங்களையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். முனிராஜ் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே அதன் கீழே போய் நின்று, ஒவ்வொரு படத்தையும் ஜாண் போட்டு அளந்தார். வெட்டுக்காயத் துடுப்புக்காரரின் படம் அவருடையதைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. வாசலில் சந்திரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனிராஜ் இன்னொரு தடவை அளந்தார். "மூத்தவரு. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே போனார். அன்றைக்கு பீன்ஸ் விலை இறங்கியிருந்ததால் பொரியலும் பீன்ஸ்தான்.