பாதியில் நின்ற படம்

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்துறையில் மீனவன் அஸ்ஜத்தின் தோணி கடலில் இறங்குவதில்லை. ஜும்மா தொழுகை முடிந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, அவனும் மனைவி ஹஃபீலாவும் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒரு பேங்க்காரன், புதிதாய்க் கல்யாணம் முடித்தவன். பொண்டாட்டி பிள்ளை வேண்டும் என்று கேட்டதும், மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டான். பஸ் வந்தது. அவன் எழும்பினான். அத்தோடு படம் நின்றுபோனது.

"டேட்டா முடிஞ்சிட்டு," என்றாள் ஹஃபீலா.

அஸ்ஜத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மற்ற நாளென்றால் படம் பாதி ஓடுமுன்னே குறட்டை விடுகிற ஆள். இன்றைக்கு ஜன்னலடிக்குப் போனான், வந்தான், கதிரையில் இருந்தான், மறுபடி எழும்பினான். பஸ்ஸில் ஏறினானா, வீட்டுக்குத் திரும்பினானா? எவனோ ஒரு பேங்க்காரன் என்ன முடிவெடுத்தால் இவனுக்கென்ன? ஆனால் விஷயம் இருந்தது. இவர்களுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாகிறது. ஹஃபீலா பிள்ளைப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "பார்ப்பம், பார்ப்பம்" என்று நழுவிக்கொண்டே வந்தான். கேட்டுக் கேட்டுக் களைத்து, கொஞ்ச நாளாய் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவன் ஏன் அப்பிடி ஓடுறான்? பொண்டாட்டியப் புடிக்கலியா?" என்று கேட்டாள் ஹஃபீலா.

"சீ, அவளில உசிரையே வச்சிருக்கான். இப்பிடித் தனிய விட்டுட்டுப் போறதுக்கு ஏன் கல்யாணம் முடிச்சோம் எண்டுதான் அவனுக்கு யோசினை."

"புள்ளையில என்ன பயம் அப்ப?"

"உனக்கு விளங்காது. சீசனுக்கு மீன் வாடிக்குப் போனா மாசக்கணக்கா வர ஏலாது. திரும்பி வந்து கைய நீட்டினா, பெத்த புள்ள ஆரோ எண்டு பயந்து அழும். அத எப்பிடித் தாங்குற?"

ஹஃபீலா அவனையே பார்த்தாள். "அவனுக்கு பேங்க்லதானே வேல? படத்தில கடலே வரல்லியே."

அஸ்ஜத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டேட்டாவும் முடியல்ல. நான்தான் நிப்பாட்டினேன். முந்தநாளே முழுசாப் பார்த்துட்டேன். உங்கட வாயால ஒரு காரணம் வருமா எண்டுதான்..." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "என்னயப் புடிக்காமப் போச்சோ எண்டு நெனச்சுட்டு இருந்தேன்."

அந்த வார்த்தை அவனைச் சுட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சொன்னான். அவனுடைய வாப்பா உச்சமுனைத் தீவில் வாடி போட்டு, கரையோரக் கொட்டிலிலேயே மாதக்கணக்காய்க் கிடந்து மீன் பிடித்தவர். ஒருமுறை அவர் வீடு திரும்பியபோது, இரண்டு வயது அஸ்ஜத் அவரைக் கண்டு வீறிட்டு அழுதானாம். உம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாப்பா ஒருநாளும் சிரித்ததில்லை. அந்த முகம் அஸ்ஜத்தின் மனதைவிட்டுப் போகவேயில்லை.

"பிறகு?"

"பிறகென்ன பிறகு?"

"நீங்க அழுததுக்குப் பிறகு வாப்பா என்ன செஞ்சாராம்?"

 இத்தனை வருஷமாய் அந்தக் கதை அழுகையோடு நின்றிருந்தது. மிச்சத்தை அவன் கேட்டதேயில்லை. ஹஃபீலா விடுகிற ஆளா? போனை எடுத்து, வாப்பாவின் நம்பரை அழுத்தி அவன் கையில் திணித்தாள்.

"வாப்பா, சின்னதில நான் உங்களக் கண்டு அழுதேனாமே. பிறகு என்ன நடந்த?"

மறுமுனையில் வாப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"பிறகென்ன மகன், நான் வாசல்ல இருந்துட்டேன். கூப்பிடவும் இல்ல, கிட்ட வரவும் இல்ல. நீ அழுது முடிச்சு எட்டி எட்டிப் பார்த்தே. பிறகு நீயாவே வந்து மடியில ஏறி, தாடியப் புடிச்சு இழுத்தே. அண்டைக்குப் பொழுதுபடும் வரைக்கும் நீ இறங்கவே இல்ல. நீயா வந்து ஏறினது உம்மாக்குத் தெரியாது, அவ குசினியில சமைச்சிட்டு இருந்தா." வாப்பா சிரித்தார். "இதெல்லாம் இப்ப எதுக்குக் கேக்குறே?"

அஸ்ஜத் ஹஃபீலாவைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் தேவைப்படும் போல இருக்கு வாப்பா," என்றான்.