மூன்று மணி வலி

சலூன்காரரின் மனைவிக்குத் தலைவலி வருவது மதியம் சரியாக மூன்று மணிக்கு. கடிகாரம் தப்பினாலும் அது தப்பாது. வலது கண்ணுக்குப் பின்னால் கடப்பாரை இறக்கியதுபோல முக்கால் மணி நேரம் குடையும். பேருந்து ஓட்டுகிறவள், ஆறு வாரமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. விழுங்கிய மாத்திரையெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

இது குறித்த நேரத்துக்குத் தினமும் தாக்கும் அபூர்வமான கொத்துத் தலைவலி, பின்மண்டை நரம்பை ஊசி போட்டு மரக்கவைத்தால் அடங்கலாம் என்று புது டாக்டரம்மா சொன்னதும் சலூன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊசி போடும் நாள் காலையில் மனுஷன் சும்மா இருப்பாரா? யாரும் கேட்காமலே அவளைக் கடை நாற்காலியில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று மழித்துவிட்டார்.

இரண்டு மணிக்கு டாக்டரம்மா அதைப் பார்த்துத் திகைத்தார்.

"வலி வலப்பக்கம்தானே? இடப்பக்கம் ஏன் மழிச்சிருக்கு? மழிக்கவே வேண்டாமே!"

அடக் கொடுமையே! முப்பது வருடமாக யார் தலையானாலும் சலூன்காரர் இடது காதிலிருந்துதான் ஆரம்பிப்பார். வாய் ஊசிப் பெருமையை அளந்துகொண்டிருக்க, கை பழக்கதோஷத்தில் போயிருக்கிறது.

"உங்க ஆர்வத்துல தீயை வைக்க!" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வலப்பக்கப் பின்மண்டையை விரலால் அழுத்தினார். "அம்மா!" என்று துள்ளினாள். அந்த இடத்திலேயே ஊசி இறங்கியது. ஐந்து நிமிடத்தில் பாதி மண்டை மரத்துவிட்டது.

"மூணு மணி தாண்டட்டும், பார்த்துட்டுப் போங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு ஐம்பது. இரண்டு ஐம்பத்தெட்டு. மூன்று! சலூன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று நான்குக்கு அவள் வலது கண்ணில் நீர் திரண்டது. அவர் விருட்டென்று எழுந்தார். வலி வந்தால் அந்தக் கண் மட்டும்தான் கலங்கும்.

"சிஸ்டர்! ஓடி வாங்க!"

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, தன் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். இடது கண்ணிலும் தாரைதாரையாக ஓடியது.

"வலிக்கலைங்க. வலிக்கவே இல்லை. மணி எத்தனை? சத்தமா சொல்லுங்க."

"மூணு அஞ்சு," என்றார். "மூணு ஆறு!" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். நாலு மணி வரைக்கும் ஒரு நிமிடம் விடவில்லை.