குப்பைக்கு நகர்த்தப்பட்டவர்கள்

குப்பைத்தொட்டிக்குப் போனவர்கள் அழிந்துவிட்டார்கள் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் மேற்கொண்டு எதையும் சொல்வது முறையாகாது. கணினியின் கறுப்புத் திரையில் ‘அழி’ என்று கட்டளை அடித்தாலோ, தொட்டியைக் காலி செய்தாலோதான் அழிவார்கள். ‘குப்பைக்கு’ என்று அடித்தால் இடம் மாறுகிறார்கள், அவ்வளவுதான். நான் இடம் மாறியவன். என் மனைவி சுகிர்தா ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னை நகர்த்தினாள்.

அவள் தட்டச்சு செய்தபோது நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வீட்டுல இடம் பத்தலைங்க. கொஞ்ச நாளைக்குத்தான்,” என்றாள்.

“குப்பைக்கு அனுப்பினா இடம் மிச்சமாகாது. தொட்டியைக் காலி பண்ணினாத்தான் ஆகும்.”

அவள் விரல்கள் அந்தரத்தில் நின்றன. “அதையும் நீங்களேதான் சொல்லணுமா?”

பிறகு சுதர்சனம் என்ற என் முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் அடித்தாள்.

தொட்டி விசாலமானது. வருகிறவர்களின் சட்டைக் காலரில், அவர்கள் எடுக்கப்பட்ட இடம் குறிக்கப்பட்டிருக்கும். யார் அனுப்பினார்களோ அவர்களால்தான் மீட்க முடியும். எடுத்த இடத்திலேயேதான் வைக்கவும் முடியும். என் காலரில் ‘மடிப்பாக்கம், ஏழாவது தெரு, மூன்றாம் மாடி, ஜன்னலோர நாற்காலி’ என்றிருந்தது.

எனக்குப் பக்கத்தில் செல்வரங்கம் என்ற ஓய்வுபெற்ற நடத்துனர் இருந்தார்.

“என் பையன் சோம்பேறி சார். பேரை முழுசா அடிக்கலை. ‘செ’ போட்டு ஸ்டார் வெச்சுட்டான்.”

எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால், அதில் தொடங்கும் எல்லாம் என்று பொருள். எனவே அவர் வீட்டில் செ-யில் தொடங்கிய அனைத்தும் அவருடன் வந்திருந்தன: செருப்புகள், செம்பருத்திச் செடி, செய்தித்தாள் கட்டு, செல்லக்கண்ணு என்கிற மைத்துனர். மைத்துனரும் அவரும் மாலைதோறும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். யார் அதிகமாக ஊற்றியது என்று சண்டையும் போட்டார்கள்.

“நீங்க தனியாவா வந்தீங்க?” என்று கேட்டார் செல்வரங்கம்.

“எங்க வீட்ல எதையும் துல்லியமா செய்வாங்க,” என்றேன்.

சுகிர்தா காலையில் தான் தொட்டிக்கு அனுப்பியவர்களின் பட்டியலைப் பார்ப்பாள். அப்போது மேலிருந்து பெயர் வாசிக்கப்படும். நான் எழுந்து நிற்பேன். அவள் பட்டியலில் ஒரே பெயர்தான் என்பதால் வாசிப்பு சீக்கிரம் முடிந்துவிடும். மழைக்காலத்துக்குப் பின் வாசிப்பு நின்றுபோனது. காலி செய்யப்போகிறாள் என்று நினைத்து, சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் மீட்டாள்.

மடிப்பாக்கத்துக் கட்டடத்தை அதற்குள் இடித்திருந்தார்கள். அதனால் பாதகமில்லை. எடுத்த இடம் இல்லையென்றால், காலரில் எழுதியுள்ள பாதை அப்படியே புதிதாக உண்டாக்கப்படும். பாதை மட்டும். ஏழாவது தெரு இருந்தது. அதற்கு மேலே உயரத்தில் மூன்றாம் மாடி, அதில் ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, நான். காலரில் எழுதப்படாத முதல் மாடியும் இரண்டாம் மாடியும் படிக்கட்டும் சமையலறையும் சுகிர்தாவும் இல்லை.

சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது. சுகிர்தாதான்.

“வந்துட்டீங்களா? நான் கோயம்புத்தூருக்கு மாறிட்டேன். இறங்கி ஒரு பஸ்ஸைப் பிடிச்சு வாங்களேன்.”

“படிக்கட்டு இல்லை, சுகி.”

“இங்கயும் ஒரே அமைதி. நான் எது சொன்னாலும் தப்புன்னு சொல்ல ஆளில்லை,” என்றாள்.

“திரும்பக் குப்பைக்கே அனுப்பிடு. அங்கயாவது பக்கத்துல சண்டை கேட்கும்.”

“சரி. ‘சு’... ஸ்டார்,” என்று சொல்லிக்கொண்டே, எந்த வீடு என்றுகூடக் குறிக்காமல் அடித்தாள்.

அவள் பெயரும் சு-வில்தான் தொடங்குகிறது என்பதையும், இப்படி அனுப்பினால் எங்களை மீட்க வெளியே யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்பதையும் சுட்டிக்காட்ட வாயெடுத்தேன்.

“சொல்லாதீங்க. தெரியும்,” என்றாள்.

சொல்லவில்லை.

செல்வரங்கம் செருப்புகளை ஒதுக்கி இடம் விட்டார். முதலில் நான் வந்தேன். பிறகு சுத்தியல், சுவர்க்கடிகாரம், காதில் கைபேசியுடன் சுகிர்தா.

“துல்லியம்னு சொன்னீங்களே சார்,” என்றார் செல்வரங்கம்.

அன்று மாலை கோயம்புத்தூரில் எந்தக் கடையிலும் சுக்குக் காபி கிடைக்கவில்லை.