வெர்னனின் பிரிவுரையில் ஏழாவது வரி

எங்கள் உளவுத்துறை அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவர் கேக் வெட்டலாம், கை குலுக்கலாம், நன்றியும் சொல்லலாம். என்ன சொல்லப் போகிறார் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி என் மேஜைக்கு அனுப்ப வேண்டும். ரகசியமான வரிகளின் மேல் கறுப்பு மை பூசித் திருப்பிக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பூசுகிறேன். இவ்வளவு மையை வீட்டு வேலிக்குப் பூசியிருந்தால் பார்க்கவாவது நன்றாக இருந்திருக்கும்.

வெர்னன் டட்டில் எங்கள் வக்கீல். வெளிநாட்டில் யார் தலைமேல் ஆளில்லா விமானம் குண்டு போடலாம், எப்போது போடக்கூடாது என்ற விதிகளை எழுதியவர்களில் ஒருவர். நடந்தது பத்திரிகையில் வந்து ஊரே படித்திருந்தாலும், அரசாங்கம் வாய் திறந்து ஒப்புக்கொள்ளாதவரை அது ரகசியம்தான். இதுவும் அவர் எழுதிய விதி.

விருந்தன்று காலை காகிதத்தை ஆட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"அம்மா தாயே, ஒன்பது வரி கொடுத்தேன். மூணுதான் திரும்பி வந்திருக்கு. மிச்சத்தைச் சாப்பிட்டுட்டியா?"

"காபி மெஷினைத் திட்டினதை விட்டு வச்சிருக்கேனே, போதாதா?"

"அதுவும் அரசாங்கச் சொத்துதானே. அதை ஏன் விட்டே?"

"அது வேலை செய்யாதுங்கறது எதிரி நாட்டுக்கே தெரியும்."

சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏழாவது வரியை மட்டும் விட்டுடு, மார்கோ. என் பொண்டாட்டி அடேல் காதுல அது விழணும். ஆபீஸ்ல என்னதான் பண்றேன்னு முப்பது வருஷமா அவ கேக்கறப்பல்லாம் மழுப்பிட்டே இருக்கேன்."

ஏழாவது வரி இதுதான்: 'ஒரு கல்யாண ஊர்வலத்தின் மேல் குண்டு விழுந்தது, போடலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான், மன்னிப்புக் கேட்கிறேன்.' நீங்கள் இதைப் படித்ததாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

"விட்டா எனக்கு வேலை போகும். நீ மீறிப் படிச்சா உனக்கு ஜெயில்."

"விதியை எழுதினவனுக்கேவா?"

"ஆமா. ரொம்ப நல்லாத்தான் எழுதியிருக்கே."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மதியம் கூடத்தில் எழுந்து படித்தார். காபி மெஷினுக்கு எல்லோரும் சிரித்தோம். ஏழாவது வரிக்கு வந்ததும் நிறுத்தினார். கறுப்பு மையின் மேல் விரலை வைத்து, வரியின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மெதுவாக நகர்த்தினார். எங்கள் துறை இயக்குநர் இருமினார். பிறகு மனைவிக்கு நன்றி சொல்லி வெர்னன் முடித்துக்கொண்டார்.

அடேல் கேக் தட்டோடு என்னிடம் வந்தார்.

"அந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

"சொல்ல முடியாது, அடேல்."

"நீங்க எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா? அவரும் இதையேதான் சொல்வாரு." சிரித்துக்கொண்டே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "விசித்திரமான மனுஷன். எங்க மக கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் தோட்டத்துல ஆடிட்டிருக்கோம், இவரு மட்டும் கார் நிறுத்தற எடத்துல நின்னு வானத்தையே பாத்துட்டிருக்காரு. மழை வராதுய்யா, வந்து ஆடுய்யான்னு திட்டி இழுத்துட்டு வந்தேன். கையெல்லாம் சில்லுனு இருந்துச்சு."

நான் தரையைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நிமிர்ந்தபோது அடேலின் சிரிப்பு போயிருந்தது.

"மார்கோ, அவரு மழைக்காகப் பாக்கலைதானே?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லக் கூடாது.

அடேல் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெர்னனிடம் போனார். எதுவும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மை பூசிய காகிதம் இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது.