நாலு கால் பேய்

பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். என் வீட்டுக்காரர் கண்ட பேய்க்கு நாலு கால்.

அதைக் கண்ட இடம் குதிரை ஆஸ்பத்திரியின் கடைசிக் கொட்டடி. போன வருடம் எங்கள் வண்டிக் குதிரை பெரியவள் அங்கேதான் செத்தாள். வயிற்று ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. பிறகு சிறுநீரில் சீழ் வைத்து, எந்த மருந்துக்கும் அடங்காமல், கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி அவளைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அவள் மகள் சின்னவளுக்குச் சிறுநீர்ப்பையில் கல். கல்லை எடுத்து, சிறுநீர் போகக் குழாய் போட்டு, வேறு இடம் காலியில்லை என்று அதே கொட்டடியில் கட்டினார்கள். வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது.

"பெரியவ பின்னாடி நிக்கிறாடி. கால மாத்தி மாத்தி வைக்கிற சத்தம் கேக்குது."

"பக்கத்துல குதிரையக் கட்டாம பூனையவா கட்டியிருக்காங்க? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றேன்.

எனக்கு வாய் நீளம். ஆனால் வண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு வாயாவது இருக்க வேண்டாமா? இந்த மனிதர் குதிரைகளிடம் பேசுவதில் கால்வாசி என்னிடம் பேசியதில்லை.

வண்டிக்காரர் சீட்டியடித்தால் குதிரை சிறுநீர் கழிக்கும். குட்டியிலிருந்தே அப்படிப் பழக்குவார்கள். குழாயை எடுத்ததிலிருந்து அவர் உதடு காயச் சீட்டியடித்துக்கொண்டு நின்றார். சின்னவள் காலை அகட்டி முக்குவாள்; நாலு சொட்டு விழும், கலங்கலாக, நாற்றத்தோடு. காய்ச்சலும் வந்தது. தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா சோதனை முடிவோடு வந்தார். "போட்ட மருந்து எதுவும் கேக்கல. மிச்சம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. அது கேக்கும், ஆனா சிறுநீரகத்தையே கெடுத்தாலும் கெடுத்துடும். கிருமி எங்கேருந்து வருதுன்னு தெரியாம அதக் குடுக்கவும் பயமா இருக்கு. திரும்பத் திரும்ப உள்ள போச்சுன்னா அந்த மருந்தும் வீண்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "இது இவ அம்மாகிட்ட இருந்த அதே கிருமி."

எனக்குக் குப்பென்று வேர்த்தது. வீட்டுக்காரரோ தெரிந்த செய்திதான் என்பது போலத் தலையாட்டினார்.

"நான்தான் சொன்னேனே. மகளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா."

சுவர், தரை, தண்ணீர்த் தொட்டி என்று கொட்டடி முழுக்கத் துடைத்தெடுத்துச் சோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சுவரில் இருந்தால் கழுவிவிடலாம். எங்குமே இல்லாத ஒன்றை எதைப் போட்டுக் கழுவுவது? பட்டப்பகலில்கூட அந்தப் பக்கம் தனியாகப் போக உடம்பு கூசியது. பக்கத்துக் குதிரை குணமாகி வீட்டுக்குப் போய்விட்டது. அதன் பிறகு எனக்கும் அந்தக் கால் சத்தம் கேட்டது. அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். நர்ஸுகள் யாரும் இல்லை. அவர் சின்னவளின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் பழைய மஞ்சள் ஸ்பாஞ்சு. அதன் ஓரத்தில் பெரியவள் விளையாட்டாகக் கடித்த பல்தடம் இருந்தது.

"இது ஏது?"

"கடைசி நாள் வரைக்கும் அவள இதாலதானே துடைச்சேன். தூக்கிப் போட மனசு வரல. கிருமி சாகுற மருந்துத் தண்ணியில ஊறப்போட்டு டப்பாவுல வச்சிருக்கேன். அம்மா வாசனை பட்டா இவ அடங்கி நிக்கிறா, பாரேன்."

"அந்தத் தண்ணிய மாத்துவீங்களா?"

"குறையக் குறைய ஊத்துவேன். கொட்டிட்டா அவ வாசனை போயிடாதா?"

தயிருக்கு உறை விடுகிற மாதிரி, இந்த மனிதர் செத்தவளை ஒரு வருடமாக வளர்த்து வைத்திருந்தார். சொன்னால் இவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் சின்னவள் போய்விடுவாள். டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனேன்.

டப்பாத் தண்ணீரில் அதே கிருமி இருந்தது. "மருந்துத் தண்ணியிலயே வாழப் பழகிடுச்சு. நீங்க வேணும்னு செஞ்சதில்ல" என்று டாக்டரம்மா பக்குவமாகத்தான் சொன்னார். வீட்டுக்காரர் அழவில்லை. உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

ஸ்பாஞ்சையும் டப்பாவையும் எரித்துவிட்டு, அந்தக் கடைசி மருந்தை ஏற்றினார்கள். நல்லவேளை, சிறுநீரகம் தாங்கிக்கொண்டது. காய்ச்சல் இறங்கியது. சிறுநீர் தெளிந்தது. சின்னவள் தீவனத் தொட்டியைத் தட்டித் தட்டிக் கேட்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போகும் அன்று டாக்டரம்மா அவரிடம் சோப்பை நீட்டினார். "நல்லாக் கழுவிட்டுத் தொடுங்க. ஒண்ணும் ஆகாது."

கழுவினார். முழங்கை வரை தேய்த்தார். மறுபடி கழுவினார். தோல் சிவந்துபோனது.

சின்னவள் அவரைப் பார்த்துக் கனைத்தாள். கதவுக்கு மேலே கழுத்தை நீட்டி, மூக்கை அவர் நெஞ்சருகே கொண்டுவந்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு எட்டு நகர்ந்தார். அவள் இன்னும் நீட்டினாள். அவர் இன்னும் நகர்ந்தார்.

"கயித்த நீ பிடிச்சுக்க" என்றார் என்னிடம்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் குதிரைக் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை.