மூன்று கோடு அதிகம்

மனிதகுலம் இதுவரை மூன்றே மூன்று முறைதான் தலை நிமிர்ந்திருக்கிறது: நெருப்பைக் கண்டபோது ஒருமுறை, சக்கரத்தைக் கண்டபோது ஒருமுறை, ராயோங்கில் சுமேத் வால்வுத் தொழிற்சாலையின் மூன்றாம் கொட்டகையில் வியாழக்கிழமை காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை. ஒலிபெருக்கியில் இதைச் சொன்னவர் முதலாளி சுமேத். சொல்லி முடித்து, கையை அரசகுமாரன் போல நீட்டி, "திற!" என்றார். மனிதகுலம் நிமிர்ந்தது, கதவு திறக்கவில்லை. மூவண்ண நாடாவை அழகு பார்த்து இயந்திரத்தின் கதவுக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இயந்திரம் தன் கழுத்தை யாரோ பிடிப்பதாக எண்ணிச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கூவத் தொடங்கியது.

நாடாவை அவிழ்க்க முதலாளிக்கு மனம் வரவில்லை. நல்ல நேரத்தில் கட்டியது. வெட்டவும் முடியாது, வெட்டுவதற்கென்றே அழைத்திருந்த மாவட்ட அதிகாரி இன்னும் வழியில் இருந்தார். பழைய துளை போடும் இயந்திரத்தைப் பதினெட்டு வருஷமாக ஓட்டிவரும் பொங், முதலாளி அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து முடிச்சை அவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் தூணோரம் வந்து நின்றான்.

"பார்த்தீங்களாக்கா? மனிதகுலம் முடிச்சவிழ்க்கவும் கத்துக்கிச்சு."

பிகுன் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கொட்டகையில் அவளுக்கு ஆறு வருஷமாகவே சிரிப்பு வருவதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் இதே முதலாளி, இதே மாதிரி ஒரு நல்ல நாளில், எங்கோ யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு லேத்தை வாங்கிவந்து நிறுத்தினார். "நேரம் தவறிடும், கையெழுத்துப் போடு" என்றார். தலைமை அளவையாளர் பிகுன், அளந்து முடிக்காமலே போட்டாள். லேத்தின் முதுகு வளைந்திருந்தது. அதில் கடைந்த வால்வு கடலுக்கு நடுவே எண்ணெயைக் கக்கியது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தபோது, அத்தனை பேர் முன்னிலையில் சுமேத் சொன்ன ஒரே வாக்கியம்: "அளந்தது பிகுன்தானே?" இரண்டு வருஷம் கிடங்கில் உட்கார்ந்து கையுறை எண்ணினாள். அப்புறம் அவளைவிட்டால் அளக்க ஆளில்லை என்று தெரிந்து, யாரோ ஒருவரை மன்னிப்பது போல, திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இன்றைக்கு மறுபடியும் அவள் கையெழுத்துதான். லேத்து வேலை, மில்லிங் வேலை, சரிவாகத் துளை போடும் வேலை எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடித்துத் தருகிற இந்தப் பன்னிரண்டு மீட்டர் நீள மில்-டர்ன் இயந்திரம், அவள் 'தேறியது' என்று எழுதினால்தான் தொழிற்சாலைக்குச் சொந்தம். 'தேறவில்லை' என்று எழுதினால் வந்த கப்பலிலேயே திரும்பிப் போகும். எப்படி எழுதினாலும் அடியில் அவள் பெயர். இன்னொரு தடவை அந்தப் பெயர் கெட்டால் எண்ணக் கையுறைகூடக் கிடைக்காது. அதனால் நேற்றே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: சாமியே வந்து நேரமாகிறது என்றாலும், அளக்கிற கேஜ் சொல்லாமல் பேனாவைத் திறக்கமாட்டேன்.

இயந்திரத்தோடு வந்தவன் ரூப்பர்ட் என்ற ஆஸ்திரியாக்காரன். பத்து வருஷமாக பாங்காக்கில் குடித்தனம். மரியாதை ததும்பப் பேசக் கற்றிருந்தான். எங்கே நிறுத்துவது என்று மட்டும் கற்கவில்லை. இயந்திரத்தையும் 'இவங்க' என்பான்.

"இவங்க உள்ள போறப்ப முரட்டு இரும்புதாங்க அக்கா. வெளிய வர்றப்ப..." என்று சொல்லி, வெல்வெட் மேடையில் வைத்திருந்த ஒன்றைக் காட்டினான். பளபளவென்று ஒரு தாமரை. தாமரையைச் சுற்றி ஒரு நாகம். நாகத்தின் செதில்கூட எண்ணலாம். விருந்தாளிகள் 'ஓ' போட்டார்கள்.

பிகுன் அதைத் தட்டிப் பார்த்தாள். "இது என்ன?"

"மாதிரிங்க."

"அலுமினியம்."

"ஆமாங்க."

"எண்ணெய்க் கிணத்துக்காரன் என்கிட்ட நாகம் கேக்கல தம்பி. எண்ணூறு கிலோ எஃகுல வால்வு கேக்கறான். வெண்ணெயை வெட்டிக் காட்டி வாள் விக்கிறீங்களா?"

"அக்கா பேசறது ரொம்ப நல்லாருக்குங்க."

அது அவளுக்கு இன்னும் எரிந்தது. சட்டைப் பையிலிருந்து தன் வெள்ளைத் துணியை உதறி எடுத்தாள். இழை உதிராத துணி. அளக்கும் சாமான்களைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அதைத் தாமரை, நாகம், வெல்வெட் எல்லாவற்றுக்கும் மேல் தலையோடு போர்த்தி மூடினாள்.

"சோதனை முடியற வரைக்கும் இதைப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது. என் துணி, நானேதான் எடுப்பேன்."

இதற்குள், ஆசி வழங்க வந்திருந்த பிக்குகளில் பெரிய பிக்கு ஓதி முடித்து, இயந்திரத்தின் நெற்றியில் ஒன்பது வெள்ளைச் சாந்துப் புள்ளி வைத்தார். வருஷத்துக்கொரு வியாழன் கருவிகளுக்கும் வணக்கம் உண்டு. அதையும் இன்றே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பானர், சுத்தியல், உளி, பொங் பதினெட்டு வருஷமாகத் தொலைக்காத ஒரு திருப்புளி எல்லாம் தட்டுகளில் பூவோடு அடுக்கியிருந்தன. அவரவர் கருவிக்கு அவரவர் சாந்து வைக்கவேண்டும்.

"பிகுன்! வா வா," என்றார் சுமேத். பின்னால் வாடகைக்கு எடுத்த மின்திரையில் அவர் முகம் கொட்டகைக் கூரை வரை எழுந்திருந்தது. "மெஷினுக்கு நீயும் ஒரு பொட்டு வை. போட்டோவுக்கு நல்லாருக்கும்."

"பரீட்சை எழுதாத பிள்ளைக்கு மாலை போடறதில்லை ஐயா. தேறட்டும். நெத்தி நிறைய வைக்கிறேன்."

"நல்ல நாளும் அதுவுமா..."

"போன தடவையும் நல்ல நாள்தான்."

முதலாளி வானத்தைப் பார்த்தார். மின்திரையில் அவர் மூக்குத்துவாரம் மட்டும் தெரிந்தது. பெரிய பிக்கு கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உச்சிப்பொழுதுக்குள்ள நாங்க சாப்பிட்டாகணும். சண்டையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாமே," என்றார்.

பிகுன் நேராகத் தன் பெட்டியிடம் போனாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று துளை அளக்கும் கேஜையும், அதற்கு அளவு சொல்லிக்கொடுக்கும் எஃகு வளையத்தையும் தட்டில் எடுத்து வைத்தாள். துளைக்கு வேண்டிய நூற்றிருபது மில்லிமீட்டர் என்றால் எது என்று இந்தக் கொட்டகையில் அந்த வளையம் ஒன்றுக்குத்தான் தெரியும். கேஜ் முதலில் வளையத்துக்குள் போய்ப் பாடம் கேட்கும். அப்புறம் துளைக்குள் போய் ஒப்பிக்கும்.

"இருபத்திரண்டு வருஷமாப் பொய் சொல்லாததுங்க," என்று உரக்கச் சொல்லி, கட்டைவிரலைச் சாந்துக் கிண்ணத்தில் அடி வரை முக்கினாள். எப்போதோ இரும்புச் சீவல் கிழித்த தழும்பு குறுக்கே ஓடும் விரல் அது. கேஜின் பிடியில் ஒரு பொட்டு, வளையத்தின் வெளிவிளிம்பில் ஒரு பொட்டு. அதே வேகத்தில் வளையத்தை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு, மூடியை முதலாளி காதில் விழும்படி படாரென்று சாத்தினாள்.

சோதனை தொடங்கியது. வார்த்து, பாதி கடைந்து வைத்திருந்த எண்ணூறு கிலோ வால்வு உடலைக் கிரேனில் தூக்கி இயந்திரத்தின் தாடைக்குள் பூட்டினார்கள். குறை சொல்ல பிகுன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எஃகு சுழன்றது, சீவல் நீலம் பாய்ந்து சுருண்டு விழுந்தது. நின்ற இடத்திலேயே வால்வு அசையாமலிருக்க, மேலிருந்து ஒரு தலை சாய்ந்து இறங்கி விலாவில் சரிவாகத் துளைத்தது. பொங்கின் பழைய இயந்திரத்தில் இதற்கு மூன்று முறை கழற்றி, மூன்று முறை மாட்டி, மூன்று நாள் திட்டவேண்டும். நடுக்கம் இல்லை. அலறல் இல்லை. ரூப்பர்ட் ஒரு பத்து பாத் நாணயத்தை இயந்திரத்தின் உடம்பின்மேல் விளிம்பில் நிற்கவைத்தான். நாணயம் நின்றது. பிகுன் அதைச் சுண்டிவிட்டாள்.

"நல்லாத்தான் அறுக்குது போலிருக்கேக்கா," என்றான் பொங், தன் சாவைத் தானே பார்க்கிறவன் குரலில்.

"அந்த வளைஞ்ச லேத்தும்தான் முதல் நாள் பாட்டுப் பாடிச்சு. சத்தத்துக்கா கையெழுத்து? வாயை மூடு."

சாப்பாட்டுக்குப் பிறகு, துளை ஆறியதும், விருந்தாளிகள் பல் குத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். மாவட்ட அதிகாரி இன்னும் வழியில்தான் இருந்தார். கேமராக்காரன் வழக்கம்போல முதலாளி முகத்தைப் பிடித்தான்.

"அந்தத் திரை அவர் மூஞ்சியை மட்டும்தான் காட்டுமா?" என்றாள் பிகுன். "கேஜ் முள்ளைக் காட்டு. எல்லாரும் பார்க்கட்டும். நாளைக்கு யாரும் 'அளந்தது பிகுன்தானே'ன்னு சொல்லக்கூடாது."

கேமரா திரும்பியது. பெட்டியைத் திறந்து வளையத்தை எடுத்தாள். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, பை காலி. வெள்ளைத் துணி தாமரைமேல் கிடந்தது. இப்போது போய் அதை எடுத்தால் தாமரை மறுபடி பளபளக்கும், விருந்தாளிகள் மறுபடி 'ஓ' என்பார்கள். பொங் தன் இடுப்புத் துணியை நீட்டினான்.

"இந்தாங்கக்கா, துடைச்சுக்குங்க."

"எண்ணெய்த் துணியை எடுத்துட்டுப் போ! வளையத்துக்குள்ள ஒரு தூசி ஒட்டினாக்கூட துளை பெருசாத் தெரியும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? போய் அந்த வால்வுத் துளையைத் துடை."

பொங் துளையைத் துடைத்தான். பிகுன் கேஜை வளையத்துக்குள் விட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு துளைக்குள் விட்டாள். இரண்டு கோடு வரை பொறுக்கலாம். திரையில் ஆளுயர முள் எழுந்து, ஒரு கோட்டைத் தாண்டி, இரண்டைத் தாண்டி, மூன்றில் போய் நின்றது.

இடம் மாற்றி அளந்தாள். மூன்று. இன்னும் ஆழத்தில். மூன்று.

ஆறு வருஷத்துக் கோபம் மொத்தமும் அவள் வாய்க்கு வந்து சேர்ந்தது.

"மூணு கோடு! பன்னிரண்டு மீட்டர் மெஷின், ஒன்பது பொட்டு, ஒரு மூவண்ண நாடா, ஒரு அலுமினியப் பாம்பு, மூணு கோடு அதிகம்! இந்த ஓட்டை வழியா எண்ணெய் ஒழுகினா நடுக்கடல்ல நிக்கிறவன் சாவான், தம்பி. அவன் வீட்டுக்கு 'ங்க' போட்டுக் கடிதம் எழுதுவீங்களா?"

ரூப்பர்ட்டின் முகம் வெளுத்தது. "இவங்க அப்படிச் செய்யமாட்டாங்கக்கா..."

"இவங்களாம்! இவங்க!"

முதலாளி சுமேத் எழுந்தார். காற்று எந்தப் பக்கம் என்று அவருக்கு எப்போதும் தெரியும். "எனக்கு முதல்லயே சந்தேகந்தான். வெளிநாட்டுக்காரன் பேச்சை நம்பி..."

"முதல்லயா?" பிகுன் அவர் பக்கம் திரும்பினாள். "காலையில நெருப்பு, சக்கரம்னீங்க! நாடாவோட நிக்கிறப்ப மனிதகுலம், முள் ஏறினா வெளிநாட்டுக்காரனா? அன்னிக்கு என்னைக் கைவிட்டீங்களே ஐயா, அதே மாதிரி இன்னிக்கு இவனைக் கைவிடறீங்க. வெக்கமா இல்ல?"

முதலாளி உட்கார்ந்தார். பொங் முகத்தில் ஆறு வருஷத்து மழை பெய்தது போல் ஒரு குளிர்ச்சி. பிகுன் சிவப்புப் பேனாவைத் திறந்து, தாளின் குறுக்கே 'தேறவில்லை' என்று எழுதி, அடியில் தன் முழுப்பெயரை, குடும்பப் பெயரோடு, கிறுக்காமல், ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். மணியும் போட்டாள். இரண்டு இருபது.

ரூப்பர்ட் தாளைப் பார்த்தான். கைப்பேசியை எடுத்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கம்பெனிக்குச் சொல்லணும்ங்க. எதை வெச்சு அளந்தீங்கன்னு கேப்பாங்க. அந்த வளையத்தை ஒரே ஒரு தடவை காட்டுறீங்களாங்க?"

"உனக்கு மட்டும் எதுக்கு? ஊருக்கே காட்டறேன்." அவள் வளையத்தை எடுத்துக் கேமராவின் மூக்குக்கு நேரே பிடித்தாள். "கிட்ட வா. பெருசாக் காட்டு. இருபத்திரண்டு வருஷமாப் பொய் சொல்லாத சாமான். நல்லாப் பார்த்துக்கட்டும்."

கேமராக்காரன் பெரிசாக்கினான். வளையம் திரையில் கிணறு போல விரிந்தது. அதன் உள்சுவரில் வெள்ளைச் சாந்து காய்ந்து ஒட்டியிருந்தது. சாந்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்பு இருந்தது.